ஒரு பெயரை ஏற்க மறுத்ததால் அழிந்த பெயர்கள்

இரும்புலியூர் சந்திப்பில் அரை மணி நேரம் நின்றால் தமிழ்நாட்டின் பாதி ஊர்களுக்குப் போகும் அரசுப் பேருந்துகளைப் பார்த்துவிடலாம். ஜி.எஸ்.டி. சாலையும் மதுரவாயல் பைபாஸும் சேரும் இடம் அது. போகிற பேருந்துகளில் 'அரசுப் போக்குவரத்துக் கழகம்' என்று எழுதி, அதோடு ஓர் ஊரின் பெயர் இருக்கும்: விழுப்புரம், கும்பகோணம், சேலம், மதுரை, திருநெல்வேலி. முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இது எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று நினைக்கக்கூடும்.

1997 வரை இதே சாலையில் ஓடிய பேருந்துகளில் மனிதர்களின் பெயர்கள் இருந்தன. பல்லவன், சோழன், பாண்டியன், சேரன், அண்ணா, தந்தை பெரியார், கட்டபொம்மன், திருவள்ளுவர், மருது பாண்டியர், தீரன் சின்னமலை, ஜீவா, நேசமணி என்று அந்தப் பட்டியல் நீளும். சென்னைக்குள் டாக்டர் அம்பேத்கர் பெயரிலும் ஒரு போக்குவரத்துக் கழகம் இருந்தது. அந்த ஆண்டில் அத்தனை பெயர்களும் நீக்கப்பட்டன. பணிமனைகளில் பழைய எழுத்தின் மேல் வண்ணம் பூசிப் புதிய பெயரை எழுதினார்கள்.

எங்கள் பகுதியில் நடுத்தர வயதைத் தாண்டியவர்கள் இன்றும் 'பல்லவன் பஸ்' என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பெயர் ஏன் போனது என்று கேட்டால், "சாதிக் கலவரம் வந்துச்சு, எல்லாத் தலைவருங்க பேரையும் எடுத்துட்டாங்க" என்பார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. எந்தப் பெயரை எழுதப் போவதாக அறிவித்ததும் கலவரம் வந்தது, அந்தப் பெயரை ஏற்க மறுத்தவர்கள் யார், மறுத்தவர்களுக்கு என்ன நடந்தது என்ற மறுபாதி பொது நினைவில் இல்லை. தெருப் பலகைகளிலிருந்து சாதிப் பெயர்களை அழிப்பது பற்றி இன்று பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்கு முன் இந்த மறுபாதியை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேருந்துகளுக்குப் பெயர் வந்த வழி

கருணாநிதி தலைமையிலான தி.மு.க. அரசு 1972-இல் அரசுப் பேருந்துப் போக்குவரத்தைத் தனித்தனிக் கழகங்களாகப் பிரித்தது. சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன், கும்பகோணத்துக்குச் சோழன் என்று பெயர் வைத்தார்கள். முதலில் வந்தவை அரச மரபுகளின் பெயர்கள். திராவிட இயக்கம் அன்று முன்வைத்த தமிழ்ப் பெருமிதத்துக்கு அது பொருத்தமாக இருந்தது. மூவேந்தரும் பல்லவரும் எந்த ஒரு சாதிக்கும் சொந்தமானவர்கள் இல்லை என்ற நம்பிக்கையும் அப்போது இருந்தது. இன்று எத்தனை சாதிச் சங்கங்கள் மூவேந்தர்களுக்கு உரிமை கொண்டாடுகின்றன என்று பார்த்தால் அந்த நம்பிக்கையின் ஆயுள் தெரியும்.

பிறகு சேலத்தில் அண்ணா, திருநெல்வேலியில் கட்டபொம்மன், விழுப்புரத்தில் தந்தை பெரியார் வந்தார்கள். 1980-களில் நாகர்கோவிலுக்கு நேசமணி, ஈரோட்டுக்கு ஜீவா, காரைக்குடிக்கு மருது பாண்டியர், திருச்சிக்குத் தீரன் சின்னமலை. பெரிய கழகங்களைப் பிரித்துச் சிறிய கழகங்கள் ஆக்கிய ஒவ்வொரு முறையும் ஒரு புதிய பெயர் தேவைப்பட்டது. பெயர் வைப்பது ஆட்சியில் இருப்பவர்களுக்கு மலிவான பரிசு. நிலம் தர வேண்டாம், வேலை தர வேண்டாம், ஒரு டப்பா பெயிண்ட் போதும். ஒவ்வொரு வட்டாரத்திலும் எண்ணிக்கையில் பெரிய சமூகங்கள் எந்தத் தலைவரைத் தங்களவர் என்று கொண்டாடினவோ, அவருடைய பெயர் பேருந்தில் ஏறியது. மாவட்டங்களுக்குப் பெயர் வைத்த கதையும் இதுவே.

இந்த வரிசையில் தலித்துகள் தங்களுடையவர் என்று சொல்லக்கூடிய பெயர் மிகத் தாமதமாகத்தான் வந்தது. 1989-இல் வட ஆற்காட்டைப் பிரித்தபோது ஒரு பகுதிக்கு அம்பேத்கர் பெயரைச் சேர்த்தார்கள். 1994-இல் பல்லவன் போக்குவரத்துக் கழகத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டாவது கழகத்துக்கு டாக்டர் அம்பேத்கர் பெயரை வைத்தார்கள். முதல் பெயர்கள் எழுதப்பட்டு 22 ஆண்டுகள் கழித்து, இந்திய அரசியலமைப்பின் வரைவுக் குழுத் தலைவருக்குச் சென்னைப் பேருந்தில் இடம் கிடைத்தது. அது மூன்று ஆண்டுகள்தான் நீடித்தது.

ஏறும் உரிமைக்கே ஒரு வரலாறு உண்டு

பேருந்தில் எந்தப் பெயர் எழுதலாம் என்ற சண்டைக்கு முன்னால், பேருந்தில் யார் ஏறலாம் என்ற சண்டை நடந்தது. அதற்கும் முன்னால் சாலையில் யார் நடக்கலாம் என்ற சண்டை.

நம் செங்கல்பட்டு மண்ணில், மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த ரெட்டமலை சீனிவாசன், 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் ஆகியவற்றை எந்த வகுப்பினரும் பயன்படுத்தலாம், தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. 1925-இல் அரசு அதை அறிவிப்பாகவும் வெளியிட்டது. சாலையில் நடப்பதற்கு ஒரு சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்டது என்பதை மறந்துவிட்டுப் பெயர்ப் பலகைகளைப் பற்றிப் பேச முடியாது.

மோட்டார் பேருந்துகள் வந்த காலத்தில் அவை தனியார் கையில் இருந்தன. தீண்டத்தகாதவர் என்று சொல்லி நம் மக்களை ஏற்ற மறுப்பது பல ஊர்களில் வழக்கமாக இருந்தது. அன்றைய ராமநாதபுரம் ஜில்லா போர்டுக்கு டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் தலைவராக இருந்தபோது இதற்கு எதிராக நடவடிக்கை எடுத்தார். ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகளுக்கு உரிமம் கிடையாது என்று அவர் சொன்னதும் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். சுயமரியாதை இயக்கத்தின் முன்னணித் தலைவர் அவர். தியாகராய நகரின் பாண்டி பஜார் அவர் பெயரால் வந்தது.

இந்த நிகழ்வில் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது, அன்றைய அதிகாரி மறுத்தவர்கள் மீது கை வைத்தார். 'சண்டை வேண்டாம், யாருக்கும் பேருந்து வேண்டாம்' என்று சொல்லவில்லை. இரண்டாவது, அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவுக்குள்தான் இன்றைய விருதுநகர் மாவட்டப் பகுதிகள் இருந்தன. இதே நிலப்பகுதியில்தான் 1997-இல் பேருந்தை வைத்து அடுத்த சண்டை வந்தது. இந்த முறை அரசு வேறு வழியில் போனது.

வீரன் சுந்தரலிங்கம்

ஓட்டப்பிடாரம் பக்கத்தில் கவர்னகிரி என்ற ஊர் இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சிப் படையின் தளபதிகளில் ஒருவரான சுந்தரலிங்கக் குடும்பனார் அந்த ஊர்க்காரர், தேவேந்திரகுல வேளாளர். 1799-இல் கம்பெனிப் படை கட்டபொம்மனை எதிர்த்து வந்தபோது, சுந்தரலிங்கமும் அவருடைய முறைப்பெண் வடிவும் ஆடு மேய்ப்பவர்களைப் போலப் போய், தீப்பந்தத்தோடு வெடிமருந்துக் கிடங்கில் பாய்ந்து அதைத் தகர்த்து உயிரைக் கொடுத்தார்கள் என்பது அந்த மண்ணின் வாய்மொழி வரலாறு. அதே ஆண்டு அக்டோபர் 16-இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள்.

கட்டபொம்மன் பெயரில் பேருந்தும் ஓடியது, மாவட்டமும் இருந்தது. அவருக்காக உயிரைக் கொடுத்த தளபதியின் பெயரில் எதுவும் இல்லை. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு புதிய போக்குவரத்துக் கழகம் தொடங்கவும், அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைக்கவும் 1997-இல் தி.மு.க. அரசு முடிவு செய்தது. மே 1-ஆம் தேதி தொடக்கம் என்று அறிவித்தார்கள்.

அந்தக் காலத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1995 ஆகஸ்ட் 31-இல் கொடியங்குளத்தில் காவல்துறையே தலித் மக்களின் வீடுகளுக்குள் புகுந்து அடித்து நொறுக்கியிருந்தது. 1996 தேர்தலில் டாக்டர் கிருஷ்ணசாமி ஓட்டப்பிடாரத்தில் வென்று சட்டமன்றத்துக்குப் போயிருந்தார். தென் மாவட்டங்களில் தலித்துகள் அடங்கிப் போவதை நிறுத்தியிருந்தார்கள். அந்த நேரத்தில் அரசு வைத்த பெயர் சலுகையாகத் தெரியவில்லை, தாமதமாக வந்த அங்கீகாரமாகத் தெரிந்தது.

ஆதிக்கச் சாதி அமைப்புகள் எதிர்த்தன. அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் நாங்கள் எப்படி ஏறுவது என்ற கேள்வி வெளிப்படையாகவே எழுந்தது. அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்த கணக்கு எளிமையானது. தலித் ஓட்டுநராக இருக்கலாம், நடத்துநராக இருக்கலாம், பேருந்தைக் கழுவலாம். பேருந்தின் நெற்றியில் அவர் பெயர் இருந்தால் மட்டும், அதற்குள் உட்காருவது அவருக்குக் கீழே உட்காருவது போல ஆகிவிடும். தீண்டாமை அதுவரை உடம்பைத் தொடுவதில் இருந்தது, தண்ணீரில் இருந்தது, டம்ளரில் இருந்தது. இப்போது ஐந்தாறு எழுத்துகளிலும் வந்து உட்கார்ந்தது.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். தலித்துகள் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பாண்டியனிலும் கட்டபொம்மனிலும் மருது பாண்டியரிலும் ஏறி வயல் வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போய்வந்தார்கள். 'இந்தப் பெயர் எங்களவர் பெயர் இல்லை, நாங்கள் ஏற மாட்டோம்' என்று அவர்கள் சொன்னதில்லை. அப்படி யாராவது சொல்லியிருந்தால் எந்த அரசாவது பெயரை மாற்றியிருக்குமா?

விருதுநகர் மாவட்டத்தில் தொடங்கிய மோதல் பக்கத்து மாவட்டங்களுக்கும் பரவியது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. சிலைகள் உடைக்கப்பட்டன, பேருந்துகள் தாக்கப்பட்டன. அரசு வீரன் சுந்தரலிங்கம் பெயரை நிறுத்தியது.

ஜூன் 30-ஆம் தேதி, தனித்தொகுதியான மேலவளவு ஊராட்சியின் தலைவர் முருகேசனும் அவருடன் சென்றவர்களும் மதுரை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழியில் பேருந்தை மறித்து அவர்களை வெட்டிக் கொன்றார்கள். அது வேறு மாவட்டம், வேறு ஊர், வேறு காரணம் என்று பிரித்துச் சொல்லலாம். ஆனால் இரண்டு நிகழ்வுகளும் ஒரே கோடை காலத்தில் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. தலித் பயணியாக வரலாம். தலைவராக வரக் கூடாது, தலைவரின் பெயராகவும் வரக் கூடாது.

எல்லோருக்கும் சமமாக ஒரு தீர்ப்பு

1997 ஜூலையில் அரசு ஒரு பொது முடிவுக்கு வந்தது. இனிப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் எந்தத் தலைவரின் பெயரும் கிடையாது. தலைமையிடமான ஊரின் பெயரே போதும். சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆனது. காமராசர் மாவட்டம் விருதுநகர் ஆனது. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம் சிவகங்கை ஆனது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி ஆனது. வடாற்காடு அம்பேத்கர் மாவட்டமும் 1990-களின் இறுதிக்குள் வேலூர் ஆகியிருந்தது. தாம்பரமும் இரும்புலியூரும் அதுவரை செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்தில் இருந்தன. 1997-இல் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் போய், 2019-இல் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்தன.

சென்னையில் பல்லவனும் அம்பேத்கரும் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் முதல் கோட்டம், இரண்டாம் கோட்டம் ஆனார்கள். 2001-இல் இரண்டும் ஒன்றாக இணைந்தன. அதோடு அப்படி ஒரு கழகம் இருந்ததற்கான தடமும் மறைந்தது. பிராட்வே போக 21ஜி-க்குக் காத்திருக்கும் இளைஞரிடம், சென்னையில் அம்பேத்கர் பெயரில் பேருந்துகள் ஓடின என்று சொல்லிப் பாருங்கள், நம்ப மாட்டார்.

காசிமேட்டிலோ கோவளத்திலோ ஒரு படகு கைமாறினால், வாங்கியவர் பழைய பெயரைச் சுரண்டிவிட்டுத் தன் குலதெய்வத்தின் பெயரையோ மகள் பெயரையோ எழுதுவார். அதில் தப்பு இல்லை. படகு இப்போது அவருடையது, விற்றவரும் பணம் வாங்கிக்கொண்டார். அரசுப் பேருந்து யாருக்கும் கைமாறவில்லை. அது அன்றும் இன்றும் எல்லோருடைய வரிப்பணத்திலும் ஓடுகிறது. ஆனாலும் 1997-இல் பெயரை மாற்றச் சொன்னவர்கள், வண்டி தங்களுடையது என்பது போலத்தான் பேசினார்கள். அரசும் ஒப்புக்கொண்டு பெயிண்ட் எடுத்தது.

இந்த முடிவை ஆதரிப்பவர்கள் சொல்லும் நியாயத்தைத் தள்ளிவிட முடியாது. எரிந்தவை பெரும்பாலும் நம் மக்களின் வீடுகள். பெயரா உயிரா என்று கேட்டால் உயிர்தான். ஒரு பெயரை மட்டும் நீக்கினால் அது அப்பட்டமான அவமானமாக இருந்திருக்கும், எல்லாவற்றையும் நீக்கியதால் யாரும் தோற்கவில்லை என்றும் சொல்வார்கள்.

நிதானமாகப் பார்த்தால் இந்த நியாயத்தில் ஓர் ஓட்டை தெரியும். எல்லாப் பெயர்களும் நீக்கப்பட்டன என்பது உண்மை. எல்லோரும் ஒரே அளவு இழந்தார்கள் என்பது உண்மை இல்லை. பல்லவனுக்கு மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் தலைமையகமான பல்லவன் இல்லம் இருக்கிறது, பல்லவன் சாலை இருக்கிறது. தாம்பரம் ரயில் நிலையத்தில் பல்லவன் எக்ஸ்பிரஸும் சோழனும் பாண்டியனும் இன்றும் நின்று போகின்றன. காமராசருக்கும் அண்ணாவுக்கும் பெரியாருக்கும் ஊர்தோறும் சாலைகள் உண்டு. அம்பேத்கருக்குச் சட்டக் கல்லூரியும் சட்டப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. சுந்தரலிங்கத்துக்கு அன்று வேறு எதுவும் இல்லை. பிறகு கவர்னகிரியில் மணிமண்டபம் வந்தது, அவர் பிறந்த ஊருக்குள்ளேயே. நிறைய வைத்திருப்பவரிடமும் ஒன்றே ஒன்று வைத்திருப்பவரிடமும் ஆளுக்கு ஒன்று பிடுங்கினால் அதற்குப் பெயர் சமத்துவமா?

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தலைவர்களின் பெயர்கள் பொதுப் போக்குவரத்திலிருந்து நிரந்தரமாக விலகிவிடவும் இல்லை. 2018-இல் கோயம்பேடு பேருந்து நிலையத்துக்கு எம்.ஜி.ஆர். பெயரை அ.தி.மு.க. அரசு வைத்தது. அடுத்த ஆண்டு சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் அவர் பெயர் வந்தது. 2023 டிசம்பர் 30-இல் நம் பக்கத்துக் கிளாம்பாக்கத்தில் திறந்த முனையத்துக்குக் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் என்று பெயர். தலைவர்களின் பெயர் கலவரத்தைக் கொண்டுவரும் என்று 1997-இல் முடிவெடுத்த முதலமைச்சரின் பெயரே இன்று பேருந்து முனையத்தின் முகப்பில் இருக்கிறது. இந்தப் பெயர்களுக்கு நான் எதிரி இல்லை. தடை எல்லோருக்கும் போடப்பட்டது, திரும்பி வரும் வாய்ப்பு சிலருக்குத்தான் கிடைத்தது என்பதைச் சொல்கிறேன்.

மறுத்தவர்கள் விஷயத்துக்கு வருவோம். சாதியின் காரணமாக ஒரு பேருந்தைப் புறக்கணிப்போம் என்று பகிரங்கமாகச் சொன்னது அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவின் உணர்வுக்கே எதிரானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் 1989 முதல் இருந்தது. அரசு அந்த மறுப்பைக் குற்றமாகப் பார்க்காமல் 'இரு தரப்பு மோதல்' என்று பார்த்தது. மறுத்தவர்கள் அதிலிருந்து கற்ற பாடம், வன்முறையால் ஒரு பெயரை வரவிடாமல் தடுக்கலாம் என்பது. 2016 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் திருத்தத்தின்படி, பட்டியல் சாதி மக்கள் உயர்வாக மதிக்கும் மறைந்த ஒருவரைச் சொல்லாலோ எழுத்தாலோ வேறு வழியிலோ அவமதிப்பது தனிக் குற்றம். 1997-இல் இந்தப் பிரிவு இருந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி நடந்திருக்கலாம்.

மராத்வாடா தந்த பாடம்

வேறு வழியே இல்லையா என்று கேட்பவர்களுக்கு மகாராஷ்டிரத்தைக் காட்டலாம். ஔரங்காபாத்தில் உள்ள மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரைச் சூட்ட 1978 ஜூலையில் அம்மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. உடனே தலித் குடியிருப்புகள் மீது தாக்குதல் நடந்தது, கொலைகள் நடந்தன. அரசு பின்வாங்கியது. அங்கே தலித் இயக்கங்கள் ஓயவில்லை. 16 ஆண்டுகள் நடைப்பயணம் போனார்கள், சிறைக்குப் போனார்கள். 1994 ஜனவரி 14-இல் அது டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் மராத்வாடா பல்கலைக்கழகம் ஆனது. பழைய பெயரும் உள்ளே இருக்கிறது, புதிய பெயரும் முன்னால் இருக்கிறது. எதையும் சுரண்டி எடுக்கவில்லை.

அந்த வெற்றி வந்த அதே 1994-இல்தான் சென்னையில் அம்பேத்கர் பெயரில் பேருந்து ஓடத் தொடங்கியது. போராடி வாங்கிய பெயர் அங்கே நிலைத்தது. மேலிருந்து கொடுத்த பெயரை இங்கே மேலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். நாமும் அதைக் காக்கும் அளவுக்கு அன்று ஒன்றுதிரண்டிருக்கவில்லை.

அழிக்க வேண்டிய பெயரும் உண்டு

பெயர் அழிப்பதே தவறு என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. அழிக்கச் சொல்லிக் கேட்டதில் முதல் ஆள் நாம்தான். நம் பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா, பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று அரசு ஆவணங்களில் எழுத வேண்டும் என்று சட்டமன்றத்தில் வலியுறுத்தினார். 1922-இல் அரசு அதை ஏற்றது. மாறாக, ரெட்டமலை சீனிவாசன் 1893-இல் தன் பத்திரிகைக்கே 'பறையன்' என்று பெயர் வைத்தார். இழிவாகச் சொன்ன பெயரை ஒருவர் அழித்தார், இன்னொருவர் நெஞ்சை நிமிர்த்தி எழுதினார். வழிகள் வேறானாலும், தன் பெயரைத் தானே முடிவு செய்யும் உரிமையை இருவரும் தங்கள் கையில் வைத்திருந்தார்கள்.

1970-களின் இறுதியில் எம்.ஜி.ஆர். அரசு தெருப் பெயர்களில் உள்ள சாதிப் பின்னொட்டுகளை நீக்கியது. தியாகராய நகரின் ஜி.என். செட்டி சாலை பலகையில் ஜி.என். சாலை ஆனது. மக்கள் வாயிலிருந்து செட்டி போகவில்லை. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் வசைச்சொல்லாக மாறிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அதை நீக்குவோம் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அக்டோபரில் ஊர்கள், தெருக்கள், நீர்நிலைகளின் சாதிப் பெயர்களை நீக்க அரசாணை வந்தது. பதிலாக வைக்கத் தலைவர்களின் பெயர்களையும் பூக்களின் பெயர்களையும் பரிந்துரைத்தார்கள். அதே மாதம் 9-ஆம் தேதி கோவை அவிநாசி சாலையில் 10.1 கி.மீ. நீள மேம்பாலத்தை ஜி.டி. நாயுடு பெயரில் திறந்தார்கள். தெருவில் சாதி கூடாது, மேம்பாலத்தில் இருக்கலாம் என்றால் விதி யாருக்கு வளைகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இங்கே இரண்டு வகை அழிப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நம்மை இழிவுபடுத்த அவர்கள் எழுதிய பெயரை நாம் அழிக்கச் சொல்வது ஒன்று. நாம் மதிப்போடு எழுதிய பெயரை அவர்கள் அழிக்கச் சொல்வது இன்னொன்று. 1997-இல் நடந்தது இரண்டாவது. அதை 'சாதி அடையாளங்களை ஒழித்த முற்போக்கு நடவடிக்கை' என்று சொல்லும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. சுந்தரலிங்கம் என்ற பெயரில் சாதி இல்லை. சாதி, அந்தப் பெயரைப் படித்தவர்களின் கண்ணில் இருந்தது.

பெயர் இருந்தும் இல்லாமல் போவதும் உண்டு. தாம்பரம் சானடோரியத்தில் 2005-இல் தொடங்கிய தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயரை வைத்திருக்கிறார்கள். 'தமிழன்' இதழ் நடத்தியவர், சித்த மருத்துவர், தமிழ்நாட்டில் பௌத்த மறுமலர்ச்சியின் முன்னோடி. ஒவ்வொரு நாளும் அங்கே பெரிய கூட்டம் நிற்கிறது. கேட்டால் எல்லோரும் 'சித்தா ஆஸ்பத்திரி' என்பார்கள். பெயரை எழுதுவதோடு வேலை முடிவதில்லை. அதை வாயால் சொல்லிப் பழக்குவது நம் வேலை.

தாம்பரத்தில் என்ன செய்யலாம்

தாம்பரம் 2021-இல் மாநகராட்சி ஆனது. அதன் மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, 2022-இல் ஓர் இளம் தலித் பெண் முதல் மேயரானார். சீனிவாசனும் ராஜாவும் பிறந்த வட்டாரத்தில் தெருப் பெயர்களை முடிவு செய்யும் மன்றத்துக்கு நம் வீட்டுப் பெண் தலைமை ஏற்ற வரலாறு இது. பெயர் மாற்றம் பற்றிப் பேச்சு எடுத்தால் மக்கள் முதலில் கேட்பது நடைமுறைக் கேள்விதான்: ஆதாரில், ரேஷன் அட்டையில், பட்டாவில் யார் மாற்றித் தருவார்கள்? நியாயமான கேள்வி. அந்த அலைச்சலையும் செலவையும் மக்கள் தலையில் கட்டாமல் மாநகராட்சியே முகாம் போட்டு முடித்துத் தர வேண்டும்.

அதோடு மூன்று கோரிக்கைகளை நாம் வைக்க வேண்டும். முதலாவது, ஒரு குடியிருப்பின் புதிய பெயரை அங்கே குடியிருப்பவர்கள் பகுதி சபையில் முடிவு செய்ய வேண்டும். ரோஜா தெரு, மல்லிகைத் தெரு என்று எழுதிவிட்டுப் போனால் அந்தத் தெருவின் வரலாறும் சேர்ந்து போய்விடும். தங்கள் தெருவுக்காக உழைத்த ஒருவரின் பெயரை, எம்.சி. ராஜாவின் பெயரை, மீனாம்பாள் சிவராஜ் பெயரை அவர்கள் கேட்டால் மாநகராட்சி மறுக்கக் கூடாது. இரண்டாவது, பழைய பெயர், மாற்றிய தேதி, காரணம் மூன்றையும் ஒரு பதிவேட்டில் எழுதி எவரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். இழிவுப் பெயர் பலகையிலிருந்து போகட்டும். அப்படி ஒரு பெயரை இந்த ஊர் வைத்திருந்தது என்ற சாட்சி போகக் கூடாது. மூன்றாவது, ஒரு பெயரை ஆதிக்கச் சாதியினர் எதிர்த்தால் பெயரைக் கைவிடக் கூடாது. எதிர்ப்பு மிரட்டலாக மாறினால் வழக்குப் பதிய வேண்டும்.

மூன்றாவதுதான் கடினமானது, 1997-இல் அரசு தவறவிட்டதும் அதைத்தான். எனாமல் பெயிண்டில் கையால் எழுதிய எழுத்தின் மேல் ஒரு பூச்சு கொடுத்தால் நிறம் மறையும். பக்கத்தில் போய்ச் சாய்வாகப் பார்த்தால் எழுத்தின் விளிம்பு மேடாகத் தெரியும், விரலால் தடவினால் படிக்கவும் முடியும். வீரன் சுந்தரலிங்கம் என்ற பெயருக்கு அந்த மேடுகூட மிஞ்சவில்லை, ஏனென்றால் அந்தப் பெயரை நிலைக்க விடவில்லை. எனவே அதைப் படித்துத் தெரிந்துகொள்ள வழி இல்லை, சொல்லித்தான் தெரிய வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.